நைட் ஷிப்டில் போடாத மாத்திரை

மேகலா,

நேற்றுச் சாயந்திரம் நலங்குக்குப் பூவும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு வியாசர்பாடியில் உன் பெரியம்மா வீட்டுக்கு வந்தேன் அல்லவா, அப்போது நீ உள்ளேயிருந்து நடந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முகமெல்லாம் மஞ்சள். கண்ணை என் பக்கம் திருப்பினாய், உடனே இறுக்கி மூடிக்கொண்டாய். “இன்னாம்மா?” என்றேன். “ஒண்ணும் இல்ல நைனா. கண்ண திருப்புனா தலைக்குள்ள சுர்ருனு ஷாக் அடிக்கிற மாரி கீது. கல்யாண டென்சன்” என்றாய். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையை நினைத்தால் ஷாக் அடிக்காமல் என்ன செய்யும் என்று உன் பெரியம்மா கேலி பேசினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஷாக்கை எனக்கு நன்றாகத் தெரியும். என் தலைக்குள் இரண்டு வருஷம் அடித்திருக்கிறது. டென்சனில் அது வராது. தினமும் போடுகிற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வரும்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் கேட்டேன். உனக்கு எடுத்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலேயே, “நான்தான் வுட்டுட சொன்னேன். ஒம்போது நாளாச்சு” என்றாள். ஏன் என்று கேட்டேன். “ஏன்னு கேக்கறியே, கண்ணாலம் ஆயி பெரம்பூருக்குப் போனா அந்த மாத்திர அட்டைய எங்க வெச்சிப்பா? மாமியாக்காரி பொட்டிய தொறந்து பாத்தா இன்னா ஆவும்? பைத்தியத்த எங்க தலைல கட்டிட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியமாட்டா?” என்றாள். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் உன் உடம்பு மாத்திரையை மறந்துவிடும் என்பது அவள் எண்ணம். பதினான்கு மாதம் போட்ட மாத்திரையை உடம்பு அப்படி மறக்காது. அவளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தெரியாமல் கத்திவிட்டேன்.

உன்னிடம் நேரில் சொல்லலாம் என்றால் முடிகிறதா? நலங்கு வைத்த பெண்ணைத் தனியாக விடக்கூடாதாம். உன்னைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர். போன் செய்தால் உன் பெரியம்மா எடுத்து, “இன்னா தம்பி, இப்பவே பொண்ண வுட்டு இருக்க முடியலையா?” என்று சிரிக்கிறாள். அதனால்தான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நான் ஓட்டுகிற கிரேனின் நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ஆயுசில் இத்தனை பக்கம் எழுதியதில்லை. கோர்வையாக வராது. நடுவில் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், கிழித்து மட்டும் போடாதே. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாளைக்கே நீ டாக்டரிடம் வரவேண்டும். கல்யாணம் முடியட்டும், மறுவீடு முடியட்டும் என்கிற பேச்சே வேண்டாம்.

எனக்குத் தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பவுண்டரியில் கிரேன் ஆபரேட்டர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. அதில் தொங்கும் சின்ன கேபினில் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உருக்கிய இரும்பு நிறைந்த பெரிய வாளியை, கீழே வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே அலுங்காமல் குலுங்காமல் நகர்த்திக்கொண்டு போகவேண்டும். பதினைந்து வருஷம் பழகிய வேலை. ஒரு நாள் அந்த கேபினில் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்காதே, எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். யாரும் சாகவில்லை, வீட்டில் சண்டை இல்லை, வேலையில் குறை இல்லை. காரணமே இல்லாமல் அழுகிறோமே என்றுதான் எனக்கு எரிச்சல். சோறு இறங்கவில்லை. குளிக்கப் போனால் வாளித் தண்ணீரைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன், நீ வந்து கதவைத் தட்டுவாய். தாஸ் மாமாவை உனக்குத் தெரியும். தரையில் நின்று கையசைத்து எனக்குச் சைகை கொடுக்கிறவன். அவன்தான் ஒரு நாள் ஏணியில் ஏறி கேபினுக்கே வந்து, “மாமு, உன் மூஞ்சியப் பாக்கவே பேஜாரா கீது. டாக்டராண்ட போ. நான் யாராண்டயும் வாயத் தொறக்கமாட்டேன்” என்றான்.

டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்தார். சின்னதாக, ரோஸ் கலரில் ஒரு மாத்திரை. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்று போடுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அது உடம்பை என்னென்ன செய்யும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது. வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக இறங்க வேண்டும், கேபினிலிருந்து நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. பல்லை நறநறவென்று கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. தூக்கமே வராமல் கொட்டாவி மட்டும் வந்தது. கை லேசாக நடுங்கியது, கிரேன் ஓட்டுகிறவனுக்கு இருப்பதே அந்தக் கைதான். இரண்டு மாதத்தில் வயிறு போட்டு காக்கி பேன்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. “நைனாவுக்கு எத்தினி மாசம்?” என்று நீகூடக் கிண்டல் செய்தாய். மாத்திரையைப் புகழ்ந்து பேச எனக்கு ஆசை இல்லை என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் ஆறாவது வாரம் ஒரு நாள், டீக்கடையைத் தாண்டிப் போகும்போது வடை வாசனை வந்தது. அதற்கு முன்பும் தினமும் அந்த வழியாகத்தான் போனேன், எனக்கு அது தெரியவே இல்லை. நின்று இரண்டு வடை வாங்கித் தின்றேன். அந்த மாத்திரை எனக்குக் கேட்டது, அதை நான் மறைக்கக்கூடாது.

இன்னும் இரண்டு விஷயம் அது செய்தது. உன் காசிமேட்டுப் பெரியப்பா தவறிப்போனபோது எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். பறை அடிக்கிறார்கள், ஊரே கதறுகிறது, நான் பாடை கட்டுகிறவனுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். “கல்லு மாரி நிக்கறான் பாரு” என்று என் காதுபடவே சொன்னார்கள். உள்ளே துக்கம் இருக்கிறது என்று தெரிகிறது, அது மேலே வரமாட்டேன் என்கிறது. அந்த அழுகை இன்னும் எனக்குப் பாக்கி இருக்கிறது. இரண்டாவது விஷயத்தை ஒரு தகப்பன் மகளுக்கு எழுதக்கூடாது. ஆனால் பதினோரு நாளில் கல்யாணம் ஆகப்போகிற உனக்கு வேறு யார் சொல்வார்கள்? புருஷன் பெண்டாட்டி ஆசையையே அந்த மாத்திரை மழுங்கடித்துவிட்டது. உன் அம்மா எனக்கு வேறெங்கோ தொடுப்பு என்று நினைத்து ஒரு வருஷம் மனதுக்குள் வெந்தாள். எனக்கும் வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. உனக்கும் அப்படி இருந்தால் அது உன் குறையும் இல்லை, மாப்பிள்ளை குறையும் இல்லை. டாக்டரிடம் சொல்லலாம், மருந்தை மாற்ற வழி இருக்கிறதாம். அதற்காகப் பயந்து நீயாக நிறுத்திவிடாதே. இதைப் படித்தால் உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், அடித்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் ஷிப்ட் வாராவாரம் மாறும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், மூன்றாவது வாரம் நைட். முதல் இரண்டு வாரமும் வீட்டில் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, படுத்துவிடுவேன். நைட் ஷிப்ட் வாரத்தில் சாப்பிட்டுவிட்டு நேராக கேபினில் ஏறவேண்டும். மாத்திரை போட்டு மேலே உட்கார்ந்து கண் அசந்துவிட்டால்? அத்தனை சூட்டு இரும்பு, கீழே தாஸும் இன்னும் பத்துப் பேரும். அதனால் நானே ஒரு முடிவெடுத்தேன். நைட் ஷிப்ட் வாரம் முழுக்க மாத்திரை போடுவதில்லை. யாரிடமும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்டால் கிரேன் வேலை என்று சொல்லவேண்டும், அவர் கம்பெனிக்கு எழுதிவிட்டால் கேபினிலிருந்து இறக்கி என்னைத் துடைப்பம் பிடிக்க விட்டுவிடுவார்கள் என்ற பயம். இப்படி இரண்டு வாரம் போடுவது, ஒரு வாரம் விடுவது. மற்றவர் உயிருக்காக யோசிக்கிற பொறுப்பான ஆள் என்று எனக்கு என்மேல் பெருமை வேறு.

நைட் ஷிப்ட் வாரத்தில் மூன்றாவது நாள் ஆரம்பிக்கும். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுர்ர் என்று ஒரு ஷாக். படகில் நிற்கிற மாதிரி தரை ஆடும். பகலில் படுத்தால் கண்ட கண்ட கனவு, வியர்த்து எழுந்திருப்பேன். டீ விளம்பரத்தைப் பார்த்தால் அழுகை வரும். எல்லாவற்றுக்கும் மேல் கோபம். தட்டில் சோறு ஒரு பக்கமாக இருந்தால் கோபம், நீ செருப்பைத் திருப்பிப் போட்டிருந்தால் கோபம். அடுத்த வாரம் காலை ஷிப்ட் வந்து மாத்திரை போட ஆரம்பித்ததும் இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். நைட் ஷிப்டும் தூக்கக் கேடும்தான் காரணம் என்று நினைத்தேன். ஒரு தடவை கேபினில் அந்த ஷாக் அடித்து என் கை ஒரு நொடி தவறியது. வாளி அரைச் சுற்றுச் சுற்றி ஆடியது. கீழே எல்லோரும் சிதறி ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்ததும் தாஸ், “இன்னா மாமு, கொக்கி டான்ஸ் ஆடுது?” என்று சிரித்தபடியே கேட்டான். வாளி ஆடக்கூடாது என்றுதானே மாத்திரையை விட்டேன், விட்டதால்தான் ஆடியது. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

தண்ணீர் லாரி நாளை நீ மறந்திருக்கமாட்டாய். அதைப் பற்றி நான் உன்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. உனக்குப் பதினாலு வயது. சாயந்திரம் நாலு மணிக்கு லாரி வந்தது, தெருவே குடங்களோடு நின்றது. நைட் ஷிப்ட் வாரமாதலால் நான் வீட்டில் இருந்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன், தலைக்குள் ஷாக் அடித்தது, தடுமாறிக் குடத்தோடு விழுந்தேன். நீ ஓடிவந்து தூக்கினாய். தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே, “இன்னா நைனா, இந்நேரத்துக்கே சரக்கா?” என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய். நான் குடிக்கிறவனே இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் நாலு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் உன்னை அறைந்தேன். ஒரு அறை இல்லை, மூன்று. உன் உதடு கிழிந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்குக் குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாயாம், உன் அம்மா சொல்லித் தெரியும். அதன் பிறகு நாலு மாதம் நீ என்னோடு பேசவில்லை. நானோ, பெண் பிள்ளைக்கு இவ்வளவு திமிரா என்று உன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு நான் மாத்திரை விட்டு ஆறாவது நாள். அது காரணம், மன்னிப்பு இல்லை. அடித்த கை என் கைதான். என்னை மன்னித்துவிடு மேகலா. இதைக் கேட்க எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

உன் அம்மாவை நான் குறை சொல்கிறேனே, இதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். எனக்குச் சாப்பாடு கட்டுவதற்காகத் தினசரி காலண்டரில் ஷிப்டைக் குறித்து வைப்பாள். ஒரு நாள், “மூணு வாரத்துக்கு ஒரு தபா உனக்கு இன்னாமோ ஆவுது. நைட்டு வாரம் வந்தா நீ நீயாவே இல்ல” என்றாள். நான் அவளை வாயை மூடச் சொன்னேன். அவள் மூடவில்லை. பவுண்டரிக்குப் போகிற வழியில் சுடுகாடு இருக்கிறது, ராத்திரி காற்று பட்டுவிட்டது என்று முடிவுகட்டி, தர்காவுக்கு இழுத்துப் போய் மந்திரித்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். வாரக் கணக்கை அவ்வளவு சரியாகப் பிடித்தவளுக்கு, அந்த வாரத்தில் மாத்திரை அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது என்பது கண்ணில் படவில்லை. எனக்கே படவில்லை, அவளை என்ன சொல்ல. கயிறு கட்டின மறுநாளும் ஷாக் அடித்தது.

கடைசியில் தாஸ்தான் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டரம்மா. நீயும் பார்க்கிற அதே டாக்டரம்மாதான். என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, “தினமும் எத்தனை மணிக்குப் போடறீங்க?” என்று கேட்டார். “நைட் ஷிப்ட் வாரத்துல போடமாட்டேன் மேடம், கிரேன் வேல” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை நாளா இப்படி?” என்றார். இரண்டு வருஷம் என்றேன். “ஐயா, நீங்க சொன்ன ஷாக்கு, தலைசுத்தல், கோபம் எல்லாம் மருந்தைத் திடீர்னு விட்டதால வந்தது. மூணு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே வரவழைச்சிருக்கீங்க. உங்களுக்குக் காலைல தூக்கம்னா, காலைல வீட்டுக்கு வந்து போட்டுட்டுப் படுங்க. அவ்வளவுதான்” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை இரண்டு வருஷத்தில் ஒருத்தன் கேட்கவில்லை. மாதாமாதம் அந்தப் பழைய டாக்டரிடம் போனேன், எப்படி இருக்கிறது என்பார், பரவாயில்லை என்பேன், அதே மாத்திரை. கேட்காதவர் மேல் கோபப்படுவதா, சொல்லாத என் மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானே என் தலையில் அடித்துக்கொண்டேன். தாஸ் கையைப் பிடித்து நிறுத்தினான்.

போன வருஷம் நீ எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தபோது, உன் அம்மா அதைத் திமிர் என்றாள். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அதனால்தான் ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ எழுந்து வந்தாய், பழையபடி எதிர்த்துப் பேசினாய், பெரம்பூர்ப் பையனைப் பிடித்திருக்கிறது என்று நீயே வந்து சொன்னாய். அவ்வளவும் நடந்த பிறகு மாத்திரையை நிறுத்த நினைத்தது தப்பில்லை. ஆயுசு முழுக்கப் போடு என்று நான் சொல்லவில்லை. உனக்கு அது தேவைப்படாமலே போகலாம், எத்தனையோ பேர் விட்டிருக்கிறார்கள். ஆனால் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. டாக்டர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். இப்போது மறுபடி ஆரம்பிப்பதா, எந்த அளவில் என்பதையும் அவர்தான் சொல்லவேண்டும். என் பேச்சைக் கேட்டு நீயாக எதையும் வாயில் போடாதே. புது வீடு, புது ஆட்கள், தூக்கம் கெட்ட சடங்குகள், இத்தனைக்கும் நடுவில் தலைக்குள் ஷாக் அடித்தால் உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? உனக்கு ஒரு கோபம் வந்து நீ ஒரு தட்டை வீசினால், உன் மாமியார் அதை உன் குணம் என்றுதான் எடுத்துக்கொள்வாள். என்னை அப்படித்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். உன்னைக் கேட்காமல் நான் வாயைத் திறக்கமாட்டேன். சொல் என்பதுதான் என் எண்ணம். சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று நீ பயப்படலாம். நிற்கக்கூடும். மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது, நின்றால் தலைகுனிவுதான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். குனிந்துகொள்கிறேன். நீ ஒரு வீட்டில் திருடியைப் போல மாத்திரையை ஒளித்து வைத்து, யாரும் பார்க்காதபோது விழுங்கிக்கொண்டு வாழ்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பிழைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் அம்மா இன்னொன்றும் சொன்னாள். இத்தனை பக்கம் எழுதியும் அந்த இடத்துக்கு வராமல் நழுவிக்கொண்டே இருந்தேன். “நீயுந்தான் இந்த மாத்திரைய துன்ன. கம்பெனி மூடுனப்ப ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்ட. இப்ப ஷோக்காதான கீற? உன்னால முடிஞ்சது அவளால முடியாதா? இத்தத்தான் அவளாண்ட சொன்னேன், அவளும் சரின்னுட்டா” என்றாள். அப்படியானால் நீ மாமியாருக்குப் பயந்து மட்டும் நிறுத்தவில்லை, என்னை நம்பி நிறுத்தியிருக்கிறாய். மேகலா, நான் நிறுத்தவே இல்லை. நேற்றுவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கம்பெனி மூடினபோது எல்லாருக்கும் வேலை போனது. உன் அம்மா அழுதுகொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு நல்ல சேதியாவது சொல்லவேண்டும் என்று, மாத்திரையை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தாள். சொந்தபந்தத்துக்கெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? உண்மையில் டாக்டரம்மா சொன்னபடி மெதுவாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு முறை முயற்சி செய்தேன். இரண்டு முறையும் அரை மாத்திரைக்குக் கீழே போனால் பழைய அழுகை வந்துவிட்டது. அரையிலேயே இருங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை என்றார் அவர். அவருக்குக் கேவலம் இல்லை, எனக்கு இருந்தது. இந்த மார்க்கெட்டில் என் டூல் பாக்ஸில் ஸ்பானருக்கு அடியில் அட்டை இருக்கிறது. சாயந்திரம் கிரேனை நிறுத்தியதும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்வேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாட்களில், என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று அந்த டாக்டரம்மாவிடம் கெஞ்சி வைத்திருந்தேன். ஆறு வருஷம். உன் எதிரில் மட்டும் நான் குணமானவன். அந்தப் பொய்யைப் பார்த்துத்தான் நீ இன்றைக்குக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். உன் அம்மா மேல் நேற்று அப்படிக் கத்தினேன், கத்தியிருக்கவேண்டியது என்னைப் பார்த்து.

இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை. உன் அம்மாவிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். அவள் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவாள் என்று எனக்குத் தெரியும், படிக்கட்டும். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வருகிறேன். நலங்கு வைத்த பெண் வாசற்படி தாண்டக்கூடாது என்று உன் பெரியம்மா குறுக்கே நிற்பாள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். மஞ்சளைக் கழுவ நேரம் இல்லை என்றால் அப்படியே வா. வரிசையில் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். இத்தனை நாள் நீ வராத நாளாகப் பார்த்துத்தான் என் சீட்டை எடுத்துக்கொண்டு போவேன். நாளைக்கு இரண்டு சீட்டையும் ஒன்றாகக் கொடுக்கிறேன், என்னுடையதை மேலே வைத்து. அந்த நர்ஸ் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கூப்பிடுவார். முதலில் என் பெயரைக் கூப்பிடுவார். உன் பக்கத்திலிருந்து எழுந்து போவேன்.

உன் நைனா